ஒளிராத ஜெசிந்தா அக்கா

"இதனால் நம் குடியிருப்பு மக்கள் அனைவருக்கும் ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவிப்பது: பி பிளாக் லிஃப்ட் இந்த மழைக்காலத்தில் மூன்றாவது முறையாக உயிர் நீத்தது. அன்னார் இரண்டாம் மாடிக்குச் சற்று மேலே அமைதியாக நின்றுவிட்டார்."

இதை எழுதி லிஃப்ட் கதவில் ஒட்டிக்கொண்டிருந்தபோது அம்மா படியில் இறங்கி வந்தார். "அத கிழிச்சுப் போடுடா. ஜெசிந்தா போயிட்டா." டெங்கு. தாம்பரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்து ஐந்தாம் நாள். தாளைக் கசக்கினேன். விரலெல்லாம் பசை.

குடியிருப்பு மக்களே, உங்களில் பலருக்கு மூன்றாம் மாடி ஜெசிந்தா அக்கா, காலையில் ஒரு கையில் டிபன் பாக்ஸும் இன்னொரு கையில் செருப்புமாக ஆபீஸ் பஸ்ஸுக்கு ஓடுபவர், அவ்வளவுதான். அவர் வேதியியல் ஆராய்ச்சியாளர். அணு உலையில் எரிந்து முடிந்த எரிபொருளில் ஆக்டினைடு, லாந்தனைடு என்று இரண்டு வகைத் தனிமங்கள் கலந்து கிடக்கும். ஒன்றைப்போலவே மற்றொன்று. உலோகத்தைக் கவ்விக்கொள்ளும் மூலக்கூறுக்கு லிகண்ட் என்று பெயர். ஒன்றை மட்டும் கவ்விக்கொண்டு மற்றதை விட்டுவிடும் லிகண்டைத்தான் அக்கா வடிவமைத்துக்கொண்டிருந்தார்.

ஏ பிளாக் இரட்டையரை வைத்துத்தான் எனக்கு விளக்கினார். "ரெண்டு பேரும் ஒரே சட்டை, ஒரே மூஞ்சி. எது எதுன்னு எப்படிடா கண்டுபிடிப்ப?"

"பஜ்ஜின்னு கத்துவேன். பெரியவன் மட்டும் திரும்புவான்."

"அதேதான். என் மூலக்கூறுல இருக்குற நைட்ரஜன்தான் என் பஜ்ஜி. ஆக்டினைடு கொஞ்சம் கூடுதலா திரும்பும். அந்தக் கொஞ்சத்துக்குத்தான் ஒம்பது வருஷமா கத்திட்டிருக்கேன்." மேசைமேல் இருந்த பிளாஸ்டிக் மூலக்கூறு மாதிரியில் நைட்ரஜனுக்கு நீல உருண்டைகள்.

"லாந்தனைடுன்னா லாந்தர் வெளக்குக்குச் சொந்தமா? அப்ப நீங்க இருட்டுல எரிவீங்களாக்கா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். நான் அதோடு நிறுத்தியிருக்கலாம்.

மறுநாள் லிஃப்ட் கதவில் என் அறிவிப்பு: "எச்சரிக்கை! மூன்றாம் மாடியில் கதிர்வீச்சு. ஜெசிந்தா அக்கா கடந்து செல்லும்போது டியூப்லைட்டை அணைத்து மின்சாரம் சேமிக்கவும்." சாயங்காலம் அதன் கீழே பென்சிலில் அக்கா எழுதியிருந்தார்: "நான் ஒளிர்ந்தா, கரண்ட் போனப்ப உங்க வீட்டுல வந்து மெழுகுவத்தி கேப்பேனா?" எல்லாரும் சிரித்தோம். ஆனால் அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவர் கொடுத்தனுப்பிய கேக், காகிதம்கூடப் பிரிக்காமல் பல வீட்டுக் குப்பைக்கூடைகளில் கிடந்தது. நான் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஒருமுறை கேட்டேன், உங்களுக்குப் பயமே கிடையாதா என்று. "ஏன் இல்ல? நான் முக்கால்வாசி நேரம் கம்ப்யூட்டர் முன்னாடிதான் இருக்கேன், எனக்காகப் பயமில்ல. பல ஆயிரம் வருஷம் கழிச்சு எவனோ ஒருத்தன் இந்தக் கழிவப் பொதைச்ச எடத்துல குழி தோண்டுவான்டா. நாம வெச்ச எச்சரிக்கை போர்டைப் படிக்க அவனுக்குத் தெரியாது. அவன நெனச்சாதான் பயம். ரொம்ப நாள் சூடா கெடக்குறதத் தனியா பிரிச்சு உலையிலயே எரிச்சுட்டா, அவன் பொழச்சான்."

அக்காவின் உடலோடு ஆம்புலன்ஸ் வந்த காலை உங்களுக்கு நினைவிருக்கும். "ஒரு தடவை வீட்டுக்குள்ள வந்துட்டுப் போகட்டும்" என்றார் அவருடைய அப்பா ஆரோக்கியம் அங்கிள். லிஃப்ட் இல்லை. மூன்று மாடி.

"இன்னா சார், ரெண்டு பேரு கை குடுத்தா தூக்கிகினு பூடலாம். ஏன் அல்லாரும் தள்ளி நிக்கறீங்கோ?" என்றார் டிரைவர்.

யாரோ மெதுவாகச் சொன்னார்கள்: "இல்லப்பா, அந்தப் பொண்ணு வேலை அப்படி. கதிர்வீச்சுன்னு சொல்றாங்க. கொழந்தைங்க இருக்கிற வீடு…"

அங்கிள் பையைத் துழாவினார். "டெங்குதாங்க. ரிப்போர்ட் இருக்கு. பாருங்க." நீட்டிய தாளை யாரும் வாங்கவில்லை.

"அந்தக் கதிர்வீச்சு நோட்டீஸ் நான் எழுதினது," என்றேன். "சும்மா. வெளையாட்டுக்கு. அக்கா ஒளிர மாட்டாங்க." ஸ்ட்ரெச்சரின் ஒரு மூலையைப் பிடித்தேன். பிறகு வாட்ச்மேன் அண்ணா வந்தார். மேலேறினோம்.

முதலில் கைகொடுத்தவன் நான்தான் என்று டியூஷனில், கிரவுண்டில், வாட்ஸ்அப்பில், கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்லிவிட்டேன். அங்கிள் கொடுத்த ஒரு நீல உருண்டை என் பென்சில் டப்பாவில் இருக்கிறது. குழி தோண்டப்போகும் அந்த ஆளைப் பற்றிய அக்காவின் பயத்தையும் நானே வைத்துக்கொள்கிறேன்.

சொல்லாமல் விட்டது ஒன்று. சாவு வீட்டுக்குப் போய்வந்தால் எல்லாரும் குளிப்பார்கள்; நான் சொல்வது அதையல்ல. நான் குளித்து முடித்த பிறகும் சோப்பு கரையக் கரையக் கை கழுவினேன். அப்புறம் பாத்ரூம் விளக்கை அணைத்துவிட்டு, இருட்டில் இரண்டு உள்ளங்கையையும் முகத்துக்கு நேரே பிடித்து, ஒளிர்கிறதா என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த அறிவிப்பை எழுதியவனே நான்தான்.