அம்மா பஸ் லைசென்ஸ் எடுத்த ஆண்டு

அம்மா பஸ் ஓட்டப் பழகிய ஆண்டில் எனக்கு இரண்டு பேர் மீது பொறாமை. ஒன்று, அந்தப் பஸ். இன்னொன்று, முதலாம் ஆண்டில் படித்த ஒரு சின்னப் பெண். பஸ் மீதிருந்த பொறாமை சீக்கிரமே போய்விட்டது.

நாங்கள் இருந்த தோட்டம் கைமாறிய பிறகு, ஈப்போவுக்கு வெளியே மலிவு விலை வீடமைப்பு ஒன்றில் குடியிருந்தோம். அம்மா பள்ளி பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலையில் இருந்தாள். பஸ்ஸை ஓட்டிவந்தவர் திடீரென்று கன்டெய்னர் லோரி ஓட்ட ஜொகூருக்குப் போய்விட்டார். பஸ் முதலாளி ஒரு வயதான சீனர். எங்கள் வீட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த தமிழில், "நீ காடி ஓட்டுதுதானே. பஸ்ஸும் சமா, ஒரே மாதிரிதான் லா. லைசென்ஸ் எடு, நான் காசு கட்டுது," என்றார்.

கார் லைசென்ஸ் ஏற்கெனவே வைத்திருந்த அம்மா உடனே சரி என்றாள். அப்பாதான், "பெரிய வண்டி. யோசிச்சுக்க," என்றார். அப்பாவிடம் இருந்தது மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் மட்டும்.

அதோடு என் ஞாயிற்றுக்கிழமைகள் பறிபோயின. அதுவரை அன்றைக்குத்தான் அம்மா என் தலைக்கு எண்ணெய் தேய்த்து, பேன் பார்த்து, மாலையில் டவுனுக்குக் கூட்டிப்போய் ஐஸ் போட்ட செண்டோல் வாங்கித் தருவாள். இப்போது விடிந்ததும் பயிற்சி நிலையத்துக்குப் போய்விட்டு, வெயிலில் கறுத்துத் திரும்பினாள். சோறு போடும்போதுகூடப் பேச்செல்லாம் பஸ்தான். கம்பங்களுக்கு நடுவே பின்னால் எடுப்பது எப்படி, மேட்டில் நிறுத்தி மறுபடி எடுப்பது எப்படி. நான் பள்ளியில் கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கியதைச் சொன்னபோது, "அப்படியா," என்றுவிட்டு, அப்பாவிடம் கிளட்சைப் பற்றித் தொடர்ந்தாள்.

முதல் சோதனையில் மேட்டில் பஸ் பின்னால் உருண்டுவிட்டது. அம்மா தோற்றுப்போய் வந்தாள். அது நடக்க வேண்டும் என்று நான் முருகனிடம் கேட்டிருந்தேன். அவ்வளவு சீக்கிரம் கேட்பார் என்று எதிர்பார்க்கவில்லை. அன்றிரவு அப்பா ஆறுதலுக்கென்று கோழி வாங்கி வந்தார். ஆறுதல் சொல்ல வந்தவர் அவ்வளவு உற்சாகமாக இருந்திருக்க வேண்டாம்.

அடுத்த முறை முருகன் அம்மா பக்கம் சேர்ந்துகொண்டார். லைசென்ஸ் கைக்கு வந்த அன்று அப்பா அதை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "படம் நல்லா இல்ல," என்றார்.

பஸ் இனி எங்களுடையது மாதிரிதான் என்று நான் தேற்றிக்கொண்டேன். கதவோரம் ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஓர் ஒற்றை இருக்கை உண்டு. அதில் யார் உட்காருவது என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. ஆனால் முதல் நாளே அம்மா அதில் அந்தச் சின்னப் பெண்ணை உட்கார வைத்தாள். பின்னால் உட்கார்ந்தால் வாந்தி எடுப்பாளாம். எனக்குக் கடைசி வரிசை. "சின்னப் பிள்ளைங்கள பாத்துக்க," என்றாள்.

கடைசி வரிசையிலிருந்து எனக்கு அவர்களுடைய தலைகள்தான் தெரியும். சாலைகள் சேரும் ஒவ்வொரு சிம்பாங்கிலும் பஸ் நிற்கும்போது அம்மா அவள் பக்கம் சாய்ந்து ஏதோ கேட்பாள். அந்தப் பெண் ஸ்டியரிங் பக்கம் தலையைச் சாய்த்துப் பார்த்து ஏதோ சொல்வாள். பிறகு பஸ் நகரும். ஒரு தடவை, "கண்ணு," என்று அம்மா அவளைக் கூப்பிட்டது என் காதில் விழுந்தது. வீட்டில் அது என் பெயர்.

ஒரு நாள் காலை எல்லோருக்கும் முன்பாக ஓடிப்போய் அந்த இருக்கையில் உட்கார்ந்துகொண்டேன். பிள்ளைகள் ஏறி முடித்தார்கள். அந்தப் பெண் படியிலேயே நின்று என்னைப் பார்த்தாள்.

"பின்னால போ," என்றாள் அம்மா.

"நான் ஒம்மகதானே. நான் ஒக்காரக்கூடாதா?"

அம்மா இன்ஜினை நிறுத்தினாள். என் முகத்தைப் பார்க்காமல், "நீ பக்கத்துல இருந்தா எனக்கு ஓட்ட வராது. எந்திரிச்சுப் போ," என்றாள்.

அத்தனை பேர் முன்னால் நடந்து பின்னால் போனேன். அன்று அம்மாவோடு பேசவில்லை. அவளுக்கு மகளைவிட ஊரான் பிள்ளைதான் பெரிது என்று தீர்மானித்தேன். ஆண்டு முடியும்வரை அந்தத் தீர்மானம் மாறவில்லை.

அண்மையில் ஒரு கல்யாண விருந்தில் அந்தப் பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இப்போது தஞ்சோங் மாலிமில் வேலை பார்க்கிறாள்.

"ஆண்டி இன்னும் பஸ் ஓட்டுறாங்களாக்கா?"

"நிறுத்தி ரொம்ப நாளாச்சு."

"மொத வருசம் பாவம் அவங்க. சிம்பாங் வந்தாலே, 'கண்ணு, என் கை நடுங்குதா பாரு'ம்பாங்க. இல்ல ஆண்டின்னு சொல்வேன்."

"நடுங்குமா?"

"நல்லா நடுங்கும். ஆமான்னு சொன்னா பஸ்ஸ எடுக்க மாட்டாங்களே. ஸ்கூலுக்கு லேட்டாயிடும்லா," என்று சொல்லிச் சிரித்தாள்.

நான் சிரிக்க முயன்றேன். சாய்ந்திருந்த அந்த இரண்டு தலைகளையும் கடைசி வரிசையிலிருந்து பார்த்துப் பொருமிய காலத்தில், அம்மா அவளைக் கொஞ்சுகிறாள் என்றுதான் நினைத்தேன். என் அம்மாவுக்குப் பயம் வரும் என்பது எனக்குத் தெரியாது. அது எனக்குத் தெரிந்துவிடக் கூடாது என்றுதான் என்னை அவ்வளவு தூரத்தில் உட்கார வைத்திருந்தாள் என்பதும்.