விறாந்தையைத் தேய்த்த பொன்னம்பலண்ணை

கடந்த செவ்வாய்க்கிழமை காலை நீர்வேலியிலிருந்து தொலைபேசி வந்தது. பேசியவள் என்னோடு தாதியாக வேலை செய்த தவமணி.

"அக்கா, பொன்னம்பலண்ணை மோசம் போயிட்டார். மகளின்ரை வீட்டிலைதான். காலமை தேத்தண்ணி குடிச்சுப்போட்டு, கொஞ்சம் படுக்கப்போறன் எண்டவராம். பிறகு எழும்பேல்லை."

பிறகு அவளே சொன்னாள்: "நீங்கள் எழுதுங்கோ அக்கா. நிலம் கழுவின மனுசனைப் பற்றி வேறை ஆர் எழுதப்போகினம்?"

வலிகாமத்தில் இருந்த எங்கள் சிறிய ஆஸ்பத்திரியில் அந்த ஆண்டுகளில் வேலை செய்தவர்கள் இன்று பல நாடுகளில் இருக்கிறீர்கள். உங்களுக்காகவே எழுதுகிறேன். அவரை உங்களுக்குத் தெரியும். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரும் நானும் சண்டிலிப்பாய்க்குப் போய்வந்தது உங்களில் எவருக்கும் தெரியாது.

எண்பத்து மூன்றுக் கலவரத்தில் கொழும்பிலிருந்து கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கியவர்களில் அவரும் ஒருவர். கொழும்பிலே பெரிய வீடுகளுக்குத் தரை போட்டு மெருகேற்றும் வேலை அவருக்கு. கூட வேலை செய்த தம்பியைப் பறிகொடுத்துவிட்டு வந்தார். அதைப் பற்றி எங்களிடம் ஒருநாளும் கதைத்ததில்லை. தரைவேலை தெரிந்தவர் என்பதற்காக அவரை ஆஸ்பத்திரியில் தொழிலாளியாகச் சேர்த்தார்கள். அவர் கையில் கிடைத்தது துடைப்பமும் வாளியும்தான்.

எங்கள் தரை ரெறாசோ. சலவைக்கல் துண்டுகளைச் சீமெந்தில் பதித்துத் தேய்த்தது. சத்திரசிகிச்சை அறையில் மேசையைச் சுற்றிப் பழுப்பாய் ஒரு கறை படிந்திருந்தது. அதற்கு அசிற் ஊற்றச் சொன்னார் எங்கள் தலைமைத் தாதியான மேற்றன். பொன்னம்பலண்ணை மறுத்துவிட்டார்.

"அசிற் ஊத்தினா இண்டைக்கு வெள்ளையா வரும் அம்மா. கல்லுச் சொரசொரத்துப் போகும். பிறகு விழுற இரத்தமெல்லாம் உள்ளுக்கை போயிருந்திடும். ஒருத்தராலும் எடுக்கேலாது."

மேற்றன் கத்தினார். பொன்னம்பலண்ணை குந்தியிருந்து, ஈரச்சாக்கைக் கறைமேல் போட்டு ஊறவைத்து, நாலு நாளில் அதைக் கிளப்பி எடுத்தார். தவமணிக்கு நினைவிருக்கும், புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் அவர் ஒன்று சொல்வார்: "இரத்தத்துக்குச் சுடுதண்ணியைக் காட்டாதேங்கோ. முதல் பச்சைத்தண்ணி. சூடு பட்டா அது நிலத்தைப் பிடிச்சுக்கொள்ளும்."

தொண்ணூறுக்குப் பிறகு பொருளாதாரத் தடை. சவர்க்காரம் இல்லை, மருந்து நீர் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை. வீடுகளில் பனம்பழக் களியால் உடுப்புத் தோய்த்தோம். ஆஸ்பத்திரிக்குக் கிடைத்த கொஞ்சக் குளோரினைச் சத்திரசிகிச்சை அறைக்கென்று ஒதுக்கினார்கள். ஆட்கள் நடமாடும் நீண்ட விறாந்தைக்கு ஒன்றுமில்லை. பொன்னம்பலண்ணை விறகுச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்து ஒருநாள் வைத்து, தெளிந்த நீரை மட்டும் எடுத்து அதனால் கழுவினார். காயக்காரர் தொகை கூடக்கூட அதுவும் போதவில்லை. அப்போது அவருக்கு ஒரு யோசனை வந்தது. தேவாலயங்களிலும் வீடுகளிலும் எரிந்து மிஞ்சிய மெழுகுதிரித் துண்டுகளைச் சேர்த்தார். தேங்காயெண்ணெய் கொஞ்சம் விட்டு உருக்கி, விறாந்தை முழுவதும் பூசித் தேங்காய்ப் பொச்சுமட்டையால் தேய்த்தார்.

"மெழுகு ஏறினா ஒண்டும் உள்ளுக்கை இறங்காது, மிஸ்ஸி. தண்ணியாலை துடைச்சாலே காணும்."

சொன்னது சரியாகவே இருந்தது. தரை கண்ணாடிபோல் வந்தது. நோயாளிகள் அதைப் பார்க்கவென்றே எழுந்து நடந்தார்கள். நானும் மெச்சினேன். அவர் சிரித்த முகத்தை நான் பார்த்த ஒரு சில நாட்களில் அதுவும் ஒன்று.

ஒரு முற்பகல் சந்தையடியில் குண்டு விழுந்தது. அரை மணி நேரத்துக்குள் விறாந்தையில் கால் வைக்க இடமில்லை. கட்டில்கள் நிரம்பி, ஆட்களைத் தரையில் கிடத்தினோம். இராசமலர் என்ற பெண்ணுக்குத் தொடையில் காயம். நான்தான் இறுக்கிக் கட்டுப் போட்டேன். இரத்தம் நின்றிருந்தது. நல்ல நினைவோடு கதைத்தாள்.

"மிஸ்ஸி, பிள்ளையள் வீட்டிலை தனிய. பின்னேரத்துக்கிடையிலை விட்டிடுவியளோ?"

"காயத்தைத் தைச்சுப்போட்டுப் பார்ப்பம்" என்றேன்.

அவளை ஸ்ரெச்சரில் தூக்கினார்கள். மெழுகிட்ட தரையில் இரத்தம் எண்ணெய்போலப் பரவிக் கிடந்தது. நாலடி நடப்பதற்குள் முன்னால் பிடித்தவரின் கால் வழுக்கியது. பின்னால் நின்றவரும் விழுந்தார். அவளுடைய பின்தலை தரையில் மோதிய சத்தம் அந்த அழுகுரல்களுக்கு நடுவிலும் கேட்டது. விறாந்தை முடிவில் வாளியோடு நின்ற பொன்னம்பலண்ணைக்கும் கேட்டது. அதன்பிறகு அவள் கண் திறக்கவில்லை. பின்னேரம் மூன்று மணியளவில் உயிர் போயிற்று.

கணவர் வந்தபோது மேற்றன் என்னைத் தனியே கூப்பிட்டார். "காயத்தாலை எண்டு சொல்லுங்கோ. அந்த மனுசனுக்கு இப்ப இது போதும்." நான் அப்படியே சொன்னேன். அவர் கைகூப்பிவிட்டு உடலை ஏற்றிக்கொண்டு போனார்.

பொன்னம்பலண்ணை இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் ஒரு மேசனிடம் வாங்கிய கரடான தேய்ப்புக்கற்கள் இரண்டோடு வந்தார். விறாந்தையின் ஒரு முனையில் முழங்காலில் இருந்து, தண்ணீர் விட்டுவிட்டுத் தான் ஏற்றிய மெருகைத் தானே தேய்த்து எடுக்கத் தொடங்கினார். மின்சாரம் இல்லாத காலம், எல்லாம் கையாலேதான். நாளுக்கு ஒரு பாய் அகலம். இடையில் காயக்காரர் வந்தால் எழுந்து ஒதுங்குவார், அவர்கள் போனதும் திரும்பக் குந்துவார். தரை சாம்பல் நிறமாகி, கால் வழுக்காமல் பிடித்தது. இரத்தமும் பிடித்தது. அதனால் கழுவுகிற வேலை அவருக்கு இரண்டு மடங்காயிற்று. நிலம் அசிங்கமாய்க் கிடக்கிறது என்று மேற்றன் ஏசினார்.

"கிடக்கட்டும் அம்மா. நான் உரஞ்சிக் கழுவுறன்" என்றார்.

பாதி விறாந்தை முடிந்திருந்தபோது ஒருநாள் என்னிடம் கேட்டார்.

"மிஸ்ஸி, அந்தப் பிள்ளையின்ரை ஆக்களுக்கு என்ன சொன்னனீங்கள்?"

"காயத்தாலை எண்டு."

அவர் கல்லைத் தண்ணீரில் அலசினார். "நான் ஞாயிற்றுக்கிழமை சண்டிலிப்பாய்க்கு, அவையின்ரை வீட்டை போறன். நீங்கள் வரவேணும் எண்டில்லை."

நான் போனேன். ஏன் போனேன் என்று இன்றும் எனக்குத் தெளிவில்லை. ஆளுக்கொரு சைக்கிளில் போய்ச் சேர்ந்தோம். இராசமலரின் கணவர் புகையிலைத் தோட்டத்துக்குத் துலாவில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். பெரிய மகள் வாய்க்காலில் நின்று பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறிக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் துலாவை விட்டுவிட்டு வந்தார்.

பொன்னம்பலண்ணை உட்காரவில்லை. "தம்பி, உங்கடை மனிசி காயத்தாலை சாகேல்லை. நான் மெழுகு போட்ட நிலம். தூக்கின ஆக்கள் வழுக்கி, அவ தலை அடிபட விழுந்தவ. அதைச் சொல்லத்தான் வந்தனான்."

அவர் பொன்னம்பலண்ணையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"மிஸ்ஸி, நீங்கள் அண்டைக்கு வேறை மாதிரியெல்லோ சொன்னனீங்கள்?"

நான் வாய்க்கால் தண்ணீரைப் பார்த்தேன்.

"அப்ப அவ தப்பியிருப்பாவோ?"

அதற்கும் நான் பதில் சொல்லவில்லை. பொன்னம்பலண்ணைதான் சொன்னார். "ஓம் தம்பி. தப்பியிருப்பா."

அந்த மனிதர் வாய்க்கால் வரம்பில் குந்திக்கொண்டார். மகள் தண்ணீர் மாற மறந்து நின்றாள். ஒரு பாத்தி நிரம்பி வழிந்தது. கடைசியில் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "போங்கோ. ரண்டு பேரும் போங்கோ. இனி இந்தப் பக்கம் வராதேங்கோ."

அவர் மன்னிக்கவில்லை. பிறகும் ஆஸ்பத்திரிப் பக்கம் வரவில்லை. பொன்னம்பலண்ணை அதை எதிர்பார்த்துப் போனவரும் அல்ல. திரும்பும் வழியில் என் சைக்கிள் செயின் கழன்றது. அவர் இறங்கி மாட்டித் தந்தார். அப்போது எனக்கு அழுகை வந்துவிட்டது.

"நான் பேசாமல் நிண்டிட்டன் அண்ணை."

"நீங்கள் வந்தனீங்கள் பிள்ளை" என்றார். அதுவரை என்னைப் பிள்ளை என்று அழைத்ததில்லை. திங்கட்கிழமை விட்ட இடத்திலிருந்து தேய்த்தார். விறாந்தையை முடித்தபோது அவர் முழங்கால்கள் இரண்டும் காய்த்துக் கறுத்திருந்தன. அதற்குப்பிறகு அவர் நேராக நடந்ததை நான் பார்க்கவில்லை.

தொண்ணூற்று ஐந்தில் இராணுவம் நெருங்க, எல்லோரும் வலிகாமத்தை விட்டு வெளியேறினோம். தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாங்குகளைக் கட்டிலாகச் சேர்த்துப் போட்டு ஆஸ்பத்திரி நடத்தினோம். வெடித்த சீமெந்துத் தரை. பொன்னம்பலண்ணை அங்கும் வாளியோடு இருந்தார். ஒரு காலையில் பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் இறந்தான். தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடவுள் கூப்பிட்டவரோ மிஸ்ஸி?" என்று கேட்டாள். ஓம் என்று சொல்லியிருக்கலாம்.

"அம்மா, எங்களிட்டை ஏத்த இரத்தம் இருக்கேல்லை. இருந்திருந்தா தப்பியிருப்பான்" என்றேன்.

அவள் என் நெஞ்சில் இரண்டு கையாலும் அடித்தாள். அடித்து ஓய்ந்து என் தோளிலேயே சாய்ந்தாள். எத்தனை நேரம் அப்படி நின்றோம் என்று தெரியாது.

அதன்பிறகு இருபத்தாறு ஆண்டுகள் தாதியாக இருந்தேன். ஒருவர் எப்படி இறந்தார் என்று கேட்டு வந்தவர்களுக்கு ஒருநாளும் நான் பொய் சொன்னதில்லை. சிலர் என்னைத் திட்டினார்கள். ஒரு தகப்பன் என் முகத்தில் துப்பினார். ஒவ்வொரு முறையும் எனக்குப் பயம்தான். பயந்துகொண்டே போய்ச் சொல்லிவிடுவேன். பொன்னம்பலண்ணையிடமிருந்து எனக்குக் கிடைத்தது அது ஒன்றுதான். அவரிடம் அதை நான் சொல்லவில்லை. நீர்வேலிக்கு அவரைப் பார்க்கப் போகும்போது சொல்லலாம் என்று இருந்தேன்.