கரண்ட் போனபோது கேட்ட சத்தம்

லைஃப்ராஃப்டுக்குள் குப்புறப் படுத்துச் சோப்புத் தண்ணீர் தடவிக்கொண்டிருந்தபோதுதான், முருகனிடம் நேராகவே சண்டை போட்டால் என்ன என்று எனக்குத் தோன்றியது. அன்பர்களே, அவ்வளவு வெறுத்துப் போயிருந்தேன்.

மலேசியாவில், கிள்ளான் துறைமுகத்துப் பக்கம் ஒரு பட்டறை. லைஃப்ராஃப்ட் என்று படகுகளில் வைக்கும் ரப்பர் உயிர்காப்பு மிதவைகளுக்குக் காற்றடித்துச் சோதித்து, மறுபடி மடித்துப் பெட்டியில் அடைப்பது என் வேலை. டிப்ளோமா படித்தவன். எதையும் சட்டென்று முடித்தாக வேண்டும் எனக்கு. அந்த ராஃப்ட் மட்டும் முடிய மாட்டேன் என்றது. காற்றடித்துவிட்டு வந்து பார்த்தால் மீட்டர் முள் இறங்கியிருக்கும்; எங்கோ கசிகிறது. ஒட்டு, வால்வு, எல்லா இடமும் சோப்பு போட்டாயிற்று. ஒரு குமிழி இல்லை.

அது என் அக்கா வீட்டுக்காரர் போகும் மீன்பிடிப் படகின் ராஃப்ட். படகு மூழ்கினால் மச்சானுக்கு அதுதான் தரை.

"இன்னும் தேய்ச்சா கரைஞ்சிரும் லா," என்றார் சூப்பர்வைசர் செல்வம் அண்ணே.

மனசு விட்டுப்போய் வாய்விட்டே கேட்டேன். "முருகா, உனக்குக் காவடி எடுத்திருக்கேன். ஒரு ஓட்டையக் காட்ட முடியாதா? இப்பவே காட்டு."

கரண்ட் போய்விட்டது.

அழுகையே வந்தது. கம்ப்ரெசர், ஏர்கான், ரேடியோ எல்லாம் நின்றன. "நல்லா கேட்ட தம்பி. இருந்ததையும் புடுங்கிட்டாரு," என்று அண்ணே சிரித்தார். பிறகு அவரும் ஓய்ந்தார்.

அப்போது என் காதருகில், மெல்லியதாக, ஸ்ஸ் என்று ஒரு சத்தம். ராஃப்டின் கூரையைத் தாங்கும் காற்றுக் குழாய் வந்து சேரும் இடம், ஒரு பட்டைக்கு அடியில், பிரஷ் நுழையாத மூலை. நாள் முழுக்க அது சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. எங்கள் இரைச்சலில் கேட்கவில்லை.

ஒட்டினோம். பசை காய வேண்டியதால் படகு கிளம்புவது தள்ளிப்போனது. ஓனர் திட்டினார். திட்டட்டும். மறுபடி காற்றடித்தோம். முள் அசையவில்லை.

அதிலிருந்து, வேண்டிக்கொண்டதும் வாயை மூடிக்கொண்டு காத்திருக்கிறேன். எனக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று அக்காவைக் கேட்டால் தெரியும். நீங்களும் முருகனிடம் கேளுங்கள். எரிச்சலோடு கேட்டாலும் கோபித்துக்கொள்ள மாட்டார். பதில் இன்னொரு தொல்லை மாதிரி வந்தால் மட்டும் உடனே திட்டிவிடாதீர்கள்.

இன்று கோயிலில் தேங்காய் உடைத்து நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தால், மச்சான் போன் செய்கிறார். "ராஃப்ட் பத்திரமா இருக்கு மாப்ளே. எவனும் திருடக்கூடாதுன்னு கேப்டன் பெட்டிய நைலான் கயிறு போட்டு இறுக்கிட்டாரு."

படகு மூழ்கினால் அந்தப் பெட்டி தானாகக் கழன்று மிதக்க வேண்டும். இப்போது படகோடு சேர்ந்து அடிக்குப் போகும்.

நாளைக் காலை அவர்கள் கிளம்பும் முன் கத்தியோடு துறைக்குப் போகிறேன். கயிறு அறுந்துவிடும். கேப்டன்தான் காது கொடுக்க வேண்டும். முருகா, நான் பேசி முடிக்கும்வரை அந்த எஞ்சினைக் கொஞ்சம் நிறுத்தி வை.