மாயக்காள் காசிக்குப் போன வருஷம்

மாயக்காளுக்கு இந்தி தெரியும் என்பது கல்லூரியில் யாருக்கும் தெரியாது. அவளும் சொல்லிக்கொள்ளவில்லை. எழுபதுகளின் மதுரையில் ஒரு பெண்கள் விடுதியில் இந்தி தெரியும் என்று சொன்னால் பாதிப் பேர் முறைப்பார்கள், மீதிப் பேர் சினிமாப் பாட்டுக்கு அர்த்தம் கேட்டு உயிரை எடுப்பார்கள். இரண்டுமே வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டு பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தாள்.

அவள் இந்தியைப் பாடமாகப் படித்தவளும் இல்லை. அப்பா நல்லகாமன் பட்டாளத்தில் ஹவில்தார். ஜபல்பூரில் குவார்ட்டர்ஸ். கைக்குழந்தையாக அங்கே போனவள், அந்த ஊர்ப் பிள்ளைகளோடு புழுதியில் புரண்டு, கோலி விளையாடி, தோற்றால் சண்டை போட்டு வளர்ந்தாள். அவளுக்கு வாய்த்தது சண்டைக்கார இந்தி. பிறகு நல்லகாமன் பென்ஷன் வாங்கிக்கொண்டு, செக்கானூரணிக்குப் பக்கத்தில் இருந்த சொந்த ஊருக்கே திரும்பி வந்து நிலக்கடலை போட ஆரம்பித்தார். அந்த ஊரிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் பெண் மாயக்காள்தான்.

"டிகிரி வாங்கிட்டு வா. அதுவரைக்கும் கல்யாணம் காச்சின்னு எவனும் வாயத் தொறக்க முடியாது" என்று அப்பா சொல்லியிருந்தார்.

வாயைத் திறக்கக் காத்திருந்தவர் தாய்மாமன். அவர் மகன் மருது செக்கானூரணியில் பம்புசெட் ரிப்பேர் கடை வைத்திருந்தான். குடிக்க மாட்டான், கோபப்பட மாட்டான். மாயக்காளுக்கு அதுதான் பெரிய சங்கடம். குறை சொல்லித் தட்டிக்கழிக்க வழியே இல்லை. கல்லூரி வாசலைத் தாண்டி வெளியே வந்தால் நேரே மணமேடைதான் என்று அவளுக்குத் தெரியும்.

இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது, கார்த்திகை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், ஊருக்குப் போகிற வழியில் மிச்சர் வாங்க சிம்மக்கல்லில் இறங்கினாள். அங்கே ஒரு ரிக்‌ஷாக்காரரும் ஒரு வடநாட்டுக் குடும்பமும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள். அழகர்கோவிலுக்கு ரிக்‌ஷா மிதிக்க முடியாது, பஸ்ஸில் போங்கள் என்று அவர் நல்லதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். நடுத்தெருவில் இறக்கிவிட்டு ஏமாற்றுகிறான் என்று அவர்கள் நினைத்துவிட்டார்கள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த மாயக்காள் பொறுக்க முடியாமல் நடுவில் போய் நின்றாள். இந்தியில் நாலு வார்த்தை சொன்னாள். சண்டை அடங்கியது. அவர்களை டவுன் பஸ்ஸில் ஏற்றி, கோவிலில் குரங்கு அதிகம், வாழைப்பழத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்காதீர்கள் என்று எச்சரித்தும் அனுப்பினாள்.

திரும்பினால், கையில் காபி டம்ளரோடு ஒருவர் அவளையே பார்த்தபடி நின்றார். கல்யாணராமன். சிம்மக்கல்லில் யாத்திரை பஸ் நடத்துகிறவர்.

"ஏம்மா, சேட்டு வீட்டுப் பொண்ணா நீ?"

"இல்ல சார். செக்கானூரணி."

"செக்கானூரணியிலே எப்போலேர்ந்து இந்தி பேசறா?"

அவருடைய கஷ்டம் அவருக்கு. தை அமாவாசைக்குப் பிரயாகையில் கும்பமேளா. பஸ் நிறைய ஆள் சேர்த்தாகிவிட்டது. இந்தி பேசுகிற மேனேஜர் திருச்சியில் வேறொரு கம்பெனிக்குப் போய்விட்டார்.

"எனக்குத் தெரிஞ்ச இந்தி 'கித்னா' ஒண்ணுதான். எவ்வளவுன்னு கேட்டுடுவேன். அவன் சொல்ற பதில்தான் புரியாது" என்றார் கல்யாணராமன் பரிதாபமாக. "நீ வாயேன். என் ஆத்துக்காரிதான் பஸ்ஸிலே சமையல். ஒன்னைத் தன் பக்கத்திலேயே உக்காத்தி வெச்சுப்பா."

மாயக்காள் சிரித்துவிட்டு மிச்சர் பொட்டலத்தோடு பஸ் ஏறினாள். ஊர் வந்து சேருவதற்குள் சிரிப்பு நின்றுபோனது. போனால் என்ன என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது.

படிப்பு கசந்திருந்தால் முடிவெடுப்பது சுலபமாக இருந்திருக்கும். அவளுக்குக் கசக்கவில்லை. விடுதியின் ஞாயிற்றுக்கிழமைப் பூரி பிடிக்கும். அறைத் தோழிகள் பிடிக்கும். பாடம்கூடப் புரிந்தது. ஆனால் வகுப்பில் உட்கார்ந்து பருத்தி எங்கே விளைகிறது, சணல் எங்கே விளைகிறது என்று எழுதும்போதெல்லாம், அதையெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே போகலாமே என்று மனசு நழுவியது.

ஸ்யாமளா மேடம் அவளுடைய துறை விரிவுரையாளர். அவரிடம் கேட்டாள்.

"போயிட்டு வந்தா அட்டெண்டன்ஸ் பத்தாது. பரீட்சை எழுத விடமாட்டாங்க. ஒரு வருஷம் சுத்தமாப் போயிடும். ஜூனியர்ஸ் கூடத்தான் உட்காரணும்" என்றார் மேடம். "திரும்பி வருவியான்னே எனக்குச் சந்தேகம். பாதியில போன பொண்ணுங்க யாரும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. போகாதே."

அதில் பொய்யில்லை. மாயக்காளுக்கும் அந்தப் பயம்தான்.

மறுவாரம் வீட்டில் பேச்சை எடுத்தாள். நல்லகாமன் களத்தில் உட்கார்ந்து கடலைச் செடியிலிருந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"நான் பாக்காத இந்தியாவா? எல்லா ஊரும் ஒண்ணுதாந்தா. ஸ்டேசன், கேம்ப், காஞ்சுபோன ரொட்டி. அதப் பாக்கவா படிப்ப விடுவாங்க?"

எதிரே உட்கார்ந்து காய் ஆய்ந்துகொண்டிருந்த அம்மா ரெங்கம்மாள் கையிலிருந்த செடியைக் கீழே போட்டாள்.

"ஒங்களுக்குக் கேம்ப்பாவது கெடைச்சுச்சு. எனக்கு என்ன கெடைச்சுச்சு? அம்புட்டு வருசம் ஜபல்பூர்ல இருந்தேன். எங்கெங்கிருந்தோ சனம் வந்து நர்மதை ஆத்தையும் பளிங்குப் பாறையையும் பாத்துட்டுப் போச்சு. நாளைக்குக் கூட்டிட்டுப் போறேன், நாளைக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியே பென்சன் வாங்கிட்டீங்க."

நல்லகாமன் ஆய்ந்து முடித்த செடியையே மறுபடி எடுத்து ஆய்ந்தார்.

"அவ போகட்டும். நானும் கூடப் போறேன்" என்றாள் ரெங்கம்மாள்.

இதை மாயக்காளே எதிர்பார்க்கவில்லை. ஆனால் அவள் சட்டென்று பிடித்துக்கொள்கிற ஆள். அடுத்த பஸ்ஸிலேயே சிம்மக்கல்லுக்குப் போய்க் கல்யாணராமன் முன்னால் நின்றாள்.

"சம்பளம் வேணாம் சார். எங்கம்மாவுக்கு ஒரு சீட்டு. ஜன்னல் சீட்டு. போற வழியில ஜபல்பூர்ல ஒரு பகல் நிக்கணும்."

கல்யாணராமன் தலையைச் சொறிந்தார். உள்ளேயிருந்து அவர் மனைவி அனந்தலக்ஷ்மியின் குரல் வந்தது. "யோசிக்காம சரின்னு சொல்லுங்கோ. போன தடவை கயாவிலே நீங்க தக்காளி வாங்கப் போய்ப் பூசணிக்காயோட வந்தேள்."

அப்பாவிடம் மட்டும் ஒரு விஷயம் மிச்சம் இருந்தது.

"வருசம் போச்சுன்னா மாமன் வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்ல?" என்று அவர் கேட்டார்.

"டிகிரி வாங்குற வரைக்கும் கல்யாணப் பேச்சு இல்லைன்னு நீங்கதானப்பா சொன்னீங்க. அத எந்த வருசம் வாங்கணும்னு சொல்லலையே."

நல்லகாமன் மகளை நிமிர்ந்து பார்த்தார். பட்டாளத்தில் மேலதிகாரிகளிடம் வாங்கிய அடிகளைவிட இது பலமாக விழுந்திருக்க வேண்டும். மறுநாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சிம்மக்கல்லுக்குப் போய், பஸ்ஸைச் சுற்றிச் சுற்றி வந்து சோதனை போட்டார். டயரை உதைத்துப் பார்த்தார். டிரைவர் காளையை ஹாரன் அடிக்கச் சொன்னார். பிரேக் போடச் சொன்னார். ஸ்டெப்னி ஒன்று போதாது, இரண்டு வேண்டும் என்று உத்தரவு போட்டார். காளை அவருக்கு சல்யூட் அடிக்காத குறைதான்.

மார்கழி முடியும் முன்பே பஸ் கிளம்பியது. திண்டுக்கல், பெங்களூர், ஹைதராபாத், நாக்பூர் என்று வடக்கே ஏறிக்கொண்டே போனார்கள். சாலையோரம் பருத்திக் காடு வந்தபோது மாயக்காள் ஜன்னலில் முகத்தைப் பதித்துக்கொண்டாள். ஜபல்பூரில், சொன்னபடியே, ஒரு பகல் பஸ் நின்றது. இரண்டு பக்கமும் வெள்ளைப் பளிங்காக எழுந்து நின்ற பாறைகளுக்கு நடுவே படகு போனது. ரெங்கம்மாள் கையைத் தண்ணீரில் விட்டபடி அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்தாள். கரை ஏறியதும், "இம்புட்டுப் பக்கத்துல இருந்திருக்கே" என்றாள். பிறகு அன்று முழுக்கக் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பிரயாகையில்தான் வினை வந்தது. கண்ணுக்கு எட்டிய மட்டும் மணல், மணல் முழுக்க மனிதத் தலை. அமாவாசைக் குளியல் முடிந்து எண்ணிப் பார்த்தால் மொக்கைச்சாமியைக் காணோம். கருமாத்தூர்க்காரர், எழுபது வயது, தமிழ் தவிர வேறு பாஷை காதில்கூட விழுந்திராத மனுஷர். கல்யாணராமன் மறுபடி முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தார். மாயக்காள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, தொலைந்தவர்களைத் தேடித் தரும் 'கோயா பாயா' போலீஸ் கூடாரத்துக்கு ஓடினாள். அங்கே மைக்கில் ஒருவர் ஓயாமல் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தார். மொக்கைச்சாமி என்ற பெயர் அவர் வாயில் நுழையவில்லை. முகேஷ் சுவாமி, மோக்‌ஷ சுவாமி என்று விதவிதமாகக் கூப்பிட்டார். மாயக்காள் அவரோடு சண்டை போட்டாள். ஜபல்பூர்ப் புழுதியில் கற்ற அதே சண்டை. முடிவில் அவர் மைக்கை அவள் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

கங்கைக் கரை முழுக்க மதுரைத் தமிழ் முழங்கியது.

"மொக்கைச்சாமி பெரியப்பா! நான் மாயக்கா பேசுறேன். எங்க இருந்தாலும் பயப்படாதீங்க, அழுகாதீங்க. பக்கத்துல இருக்கிற போலீஸ்காரர்கிட்ட 'கோயா பாயா'ன்னு ரெண்டு வார்த்தை மட்டும் சொல்லுங்க. அவரே கூட்டிட்டு வந்து இங்க விட்ருவாரு. கோயா பாயா! மறந்துறாதீங்க!"

சிறிது நேரத்தில் கூடாரத்துக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் ஒரு கோயம்புத்தூர்த் தம்பதி. அப்புறம் தஞ்சாவூர்ப் பக்கத்து அம்மாள் ஒருத்தி, மாயக்காளைக் கட்டிக்கொண்டு அழுதாள். ராமேஸ்வரத்துக்காரர், பாளையங்கோட்டைக்காரர் என்று வெவ்வேறு பஸ்களிலும் ரயில்களிலும் வந்து வழி தவறிய தமிழர்களெல்லாம் அந்தக் குரலைக் கேட்டு வந்து சேர்ந்தார்கள். மொக்கைச்சாமியைத்தான் காணோம். மாயக்காள் தொண்டை கட்டுகிற வரை கூப்பிட்டாள். கடைசியில் ஒரு போலீஸ்காரரின் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்தபடி, கையில் பாதி தின்ற ஜிலேபியோடு அவர் வந்து இறங்கினார்.

"எனக்கு 'பாயா' மட்டுந்தாந்தா ஞாபகம் நின்னுச்சு" என்றார். "புண்ணியத் தலத்துல நின்னு பாயா, பாயான்னு கேட்டு அலைஞ்ச ஒரே ஆளு நாந்தான். ஆட்டுக்காலா தரப்போறான், அடிதான் தரப்போறான்னு நெனைச்சேன். சைக்கிள்ல ஏத்திக்கிட்டான்!"

மைக்கில் பெயர் வாசித்தவர் திரும்பி வந்து, நாளைக்கும் அவள் வர முடியுமா என்று கேட்டார்.

காசி, கயா எல்லாம் பார்த்துவிட்டுப் பங்குனியில் ஊர் திரும்பினார்கள். ஸ்யாமளா மேடம் சொன்னபடியே பரீட்சை போய்விட்டது. தோழிகள் நுழைவுச்சீட்டோடு பரீட்சை மண்டபத்துக்குள் போவதை அவள் வேப்பமரத்தடியில் நின்று பார்த்தாள். கதவைச் சாத்துகிற வரை அங்கிருந்து நகரவில்லை. மேடம் வெளியே வந்தார். திட்டவில்லை. "காசி எப்படி இருந்தது?" என்று மட்டும் கேட்டார்.

இனிமேல்தான் நிஜமான முடிவு. ஜூனில் திரும்பவும் சேரலாம். ஆனால் வைகாசியில் பத்ரிநாத்துக்குப் பஸ் போகிறது, இந்த முறை சம்பளத்தோடு வா என்று கல்யாணராமன் சொல்லியிருந்தார். கல்லூரியை விட்டால் மாமன் வந்து நிற்பார். மாயக்காள் யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டு, நேரே மருதுவின் கடைக்கே போனாள். அவன் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தான்.

"மச்சான், நீங்க எனக்காகக் காத்திருக்க வேணாம்னு சொல்லத்தான் வந்தேன்."

மருது கையிலிருந்த கிரீஸைத் துடைத்தான். சுற்றும் முற்றும் பார்த்தான்.

"நான் எங்க காத்திருக்கேன்? எங்கப்பால்ல காத்திருக்காரு!" என்றான். உசிலம்பட்டியில் நர்ஸ் வேலை பார்க்கும் தங்கப்பொண்ணு என்ற பெண்ணை அவனுக்குப் பிடித்திருந்தது. மாயக்காள் மனசு நோகுமே என்று இரண்டு வருஷமாக வீட்டில் வாயைத் திறக்கவில்லையாம். இரண்டு பேரும் அங்கேயே நின்று வயிறு வலிக்கச் சிரித்தார்கள். பம்புசெட் கொண்டுவந்தவர் ஒன்றும் புரியாமல் விழித்தார்.

டிகிரி விஷயத்தை முடித்தது நல்லகாமன்தான். யாரிடமும் சொல்லாமல் ஒருநாள் நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் பல்கலைக்கழகத்துக்குப் போய் விசாரித்துவிட்டு வந்தார்.

"தபால்லயே படிக்கலாமாம்" என்றார். "பாடத்த வீட்டுக்கே அனுப்பிருவான். பரீட்சைக்கு மட்டும் போனாப் போதும். நான் டிகிரிதான் கேட்டேன். ஹாஸ்டல்ல உக்காந்துதான் வாங்கணும்னு கேக்கல."

இப்படியாக மாயக்காள் கல்லூரியை விட்டாள், படிப்பை விடவில்லை. பாடங்களைப் பஸ்ஸில் படித்தாள். மேடு பள்ளத்தில் எழுத்து ஆடும். மலைப்பாதையில் தலை சுற்றும். புள்ளியியலில் இரண்டு முறை தோற்றாள். பரீட்சை அறையில் முன் பெஞ்சில் ஒரு கண்டக்டர், பின் பெஞ்சில் ஒரு போலீஸ்காரர். கூடப் படித்தவர்கள் பாங்கிலும் பள்ளிக்கூடத்திலும் வேலைக்குப் போய் நிலைத்த பிறகு, 1981-ல் அவளுக்குப் பட்டம் வந்தது. அந்தத் தோழிகளின் குழுப் படத்தில் அவள் இல்லை. அதைப் பார்க்கும்போது கொஞ்சம் வலிக்கும் என்பாள். அதற்காக வருத்தப்பட்டதில்லை என்பதையும் சேர்த்தே சொல்வாள்.

மாமன் ஒரு வருஷம் பேசாமல் இருந்துவிட்டு, மருதுவின் கல்யாணத்துக்கு வந்து பத்திரிகை வைத்தார். மாயக்காளுக்கும் பிறகு கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை உசிலம்பட்டிப் பள்ளிக்கூட வாத்தியார். கோடை விடுமுறை முழுக்க அவளுடைய பஸ்ஸிலேயே சுற்றுகிறார்.

எண்பத்து நாலில் கல்யாணராமன் முழங்கால் வலியால் ஓய்வெடுத்துக்கொண்டு பஸ்ஸை அவள் பொறுப்பில் விட்டார். அவள் செய்த முதல் காரியம், பெண்களுக்கென்றே ஒரு துவாரகை யாத்திரை. சமையலுக்கு இரண்டு ஆண்களைப் போட்டாள். அனந்தலக்ஷ்மியை முன் சீட்டில், ஜன்னலோரம் உட்கார வைத்தாள்.

"மாமி, எந்திரிக்கவே கூடாது. வேடிக்கை பாத்துட்டு வாங்க."

மாமி திண்டுக்கல் வரை பொறுத்துக்கொண்டாள். வடமதுரை தாண்டியதும், "சாம்பார்லே பெருங்காயம் போட்டானா அந்தப் பிள்ளையாண்டான்?" என்று எழுந்திருக்கப் பார்த்தாள். மாயக்காள் அவள் தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டு, டிரைவர் காளையைப் பார்த்து, "அண்ணே, நிறுத்தாம போங்க" என்றாள்.