மண்வெட்டி பட்ட கன்னம்

சென்ற வருடம் மாம்புரியில் என் மிளகாய்த் தோட்டத்தில் கிணறு தோண்டும்போது மண்வெட்டி ஒரு மண்டையோட்டில் பட்டது. போர் முடிந்து சில வருடங்களே ஆகியிருந்தன; எலும்பு என்றதும் ஊர் பயந்தது. பொலிஸ் வந்தது. பிறகு வந்த ஆய்வாளர்கள், பல நூறு வருடங்களுக்கு முன் இறந்த ஒரு பெண் என்றார்கள். ஊரின் பயம் தீர்ந்தது. என்னுடையது தீரவில்லை. அவளுடைய இடது கன்ன எலும்பை நான் நொறுக்கியிருந்தேன்.

அந்த ஓட்டிலிருந்து கணினியில் அவள் முகத்தைச் செய்து புத்தளத்தில் ஒரு மண்டபத்தில் காட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, போன சனிக்கிழமை காலை 6.40க்குப் பஸ் ஏறினேன். பஸ்ஸின் பெயர்ப்பலகையை யாரிடமும் கேட்காமல் நானே வாசித்தேன். எழுபத்தொரு வயதில் எழுத்துப் படித்தவனுக்கு அது பெரிய காரியம். கட்டணம் எழுபது ரூபா. எட்டு மணிக்குப் புத்தளம். அங்கிருந்து மண்டபத்துக்கு முச்சக்கர வண்டி நூறு ரூபா.

"மண்ட ஓட்டப் பாக்கவா இவ்வளவு தூரம் வந்தீங்க? வீட்ல கண்ணாடி இல்லையா காக்கா?" என்றான் சாரதி, அண்ணனைக் கேட்பது போல. எனக்கும் சிரிப்பு வந்தது.

முகத்தைச் செய்தவள் தில்லையடிப் பெண், பல்கலைக்கழக மாணவி. ஓட்டின் படத்தில் எங்கெங்கே எவ்வளவு சதை இருந்திருக்கும் என்று குறித்து, அதன்மேல் தசையும் தோலும் வைப்பதைக் காட்டினாள். உதடும் காதும் ஊகம்தான் என்று மறைக்காமல் சொன்னாள். நான் கன்னத்தைப் பற்றிக் கேட்டேன்.

"வலப் பக்கம் முழுசா இருந்திச்சி வாப்பா. அதத்தான் திருப்பி இடப் பக்கம் வெச்சேன்."

திரையில் முகம் வந்தது. அகன்ற நெற்றி. ஒரு கீறல்கூட இல்லாத கன்னம். அல்ஹம்துலில்லாஹ் என்றேன். ஆனால் திரையில் இருந்தவள் கண்களைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்களில் ஒருவர் மவுத்தானால், உயிர் போன உடனே பக்கத்தில் இருப்பவர் கண்ணை மூடிவிடுவார். இவளுக்கு யார் மூடினார்களோ, தெரியாது.

"கண்ண மட்டும் ஒருக்கா மூடி விடுங்க மகள்," என்றேன்.

மாணவி சிரிக்கவில்லை. உட்காரக் கதிரை ஒன்றை இழுத்துத் தந்தாள். இருபது நிமிடத்தில் இமைகள் இறங்கின. அதன் பிறகுதான் முகம் முழுவதையும் நிம்மதியாகப் பார்த்தேன்.

மாத முடிவு வரை, காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை, இலவசமாகப் பார்க்கலாம். வெள்ளிக்கிழமை இல்லை. திறந்த கண்ணோடுள்ள படத்தைத்தான் முதலில் காட்டுவார்கள். மற்றதையும் அந்தப் பிள்ளை வைத்திருக்கிறாள், கேட்டுப் பாருங்கள். கொஞ்ச நேரம் கண் மூடியவள் பக்கத்தில் இருந்துவிட்டு வாருங்கள்.