ரொசீட்டா என்று ஒருத்தி இல்லை

பாம்பன் சவரிமுத்து இறந்துபோன செய்தி வந்தபோது எனக்குப் பாதி முகம்தான் சவரம் ஆகியிருந்தது. மண்டபம் ஸ்டேஷனுக்கு எதிரே உள்ள சலூனில், ராமநாதபுரம் சீமை முழுவதையும் ஆள்கிறவனைப் போலச் சாய்ந்து கிடந்தேன். கீழக்கரைக் காசிம் சைக்கிளை நிறுத்தக்கூடத் தோன்றாமல் கீழே போட்டுவிட்டு உள்ளே வந்தார்.

“நம்ம சவரி மவுத்தாயிட்டான்ப்பா. வலை காயப் போட்டுக்கிட்டு இருந்தவன், அப்படியே உக்காந்துட்டான்.”

கழுத்துத் துணியை உருவிப் போட்டுவிட்டு ரயிலேறினேன். துக்க வீட்டு வாசலில் சவரியின் மனைவி ஞானம் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். ஒரு கன்னம் மழமழவென்று இருந்தது. மறு கன்னத்தில் மூன்று நாள் தாடி. “வாங்கண்ணே. இன்னைக்குத்தான் பாதி மூஞ்சியாச்சும் உள்ளபடிக்குக் காட்டிக்கிட்டு வந்திருக்கிய” என்றாள். அழுதுகொண்டிருந்தவர்களில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அவள் அதை ஏன் சொன்னாள் என்பது எனக்கும் காசிமுக்கும் மட்டுமே தெரியும். உங்களுக்கும் தெரிய வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

சவரியை உங்களில் பலர் மேடையில் பார்த்திருப்பீர்கள். கொழும்பில் ஒரு பெரிய ஓட்டலில் தட்டு எடுக்கிற வேலை பார்த்தவர். அங்கே சாயங்காலங்களில் வாசிக்கும் பேண்டுக்காரர்கள் கியூபா தாளத்தில் பாட்டுப் போடுவார்கள். சவரி தட்டை ஏந்தியபடி நின்று கேட்பார். சூப்பு ஆறிவிடும், துரைமார் திட்டுவார்கள். ஊர் திரும்பியபோது ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு கிதாரும் கொண்டுவந்தார். பெட்டி காலி என்று நான் சொன்னால் நம்பமாட்டீர்கள். நம்பாமலிருப்பதே நல்லது; இரண்டு சட்டைகள் இருந்தன.

ஒரு நாள் கரைவலை இழுக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றவர் துள்ளிக் குதித்தார். “மச்சான், கேட்டியா? மூணு இழு, ரெண்டு விடு. மூணு இழு, ரெண்டு விடு. கொழும்புல அந்தக் கறுப்புக் கோட்டுக்காரன் வாசிச்சதும் இதேதான். தாளம் நம்ம கடல்ல கெடக்கு மச்சான், நாமதான் அள்ளாம விட்டுட்டோம்.” அன்றே சுரைக்குடுக்கையில் சிறு சோழிகளைப் போட்டு மூடி, கியூபாக்காரர்கள் கையில் குலுக்குகிற வாத்தியம் ஒன்றைச் செய்துவிட்டார். கல்யாண ஊர்வலங்களில் தப்ஸ் அடித்துக்கொண்டிருந்த காசிம் தாளத்துக்கு வந்தார். கிதாரை மைக் செட்டோடு இணைத்தபோது அமெரிக்க ராக் போலவும் ஒரு முறுக்கு ஏறியது. எனக்குப் பாடவும் வராது, அடிக்கவும் வராது. ஆகவே விளம்பர மந்திரியானேன்.

முதல் பாட்டு அவரே கட்டியது. “வாடை அடிக்குது ஞானம், வலைய மடிச்சு வையி, வாறவன் பசியில வாறான், உலைய ஏத்தி வையி.” பெண்டாட்டி பேரை மேடையில் பாடுகிறவன் அந்தக் காலத்தில் எங்கள் கரையில் வேறு யாரும் இல்லை. பெரியபட்டினத்தில் நடந்த முதல் கச்சேரிக்கு “பாம்பன் சவரிமுத்து குழுவினர்” என்று நோட்டீஸ் போட்டோம். பதினோரு பேர் வந்தார்கள். ஓர் ஆடும் வந்தது. ஆடு பாதியில் போய்விட்டது.

அந்த அவமானத்தில் பிறந்தவர்தான் டான் ரொசாரியோ. அடுத்த நோட்டீஸை ரோஸ் தாளில் நானே எழுதினேன்: “கியூபா தேசத்து மகாவித்துவான் டான் ரொசாரியோ அவர்கள் இயற்றி, தம் ஒரே சீடர் சவரிமுத்துவுக்கு மட்டும் காதில் ஓதிய அபூர்வ கீதங்கள்!” சவரி அதை இரண்டு தரம் படித்தார்.

“இது யாரு மச்சான் ரொசாரியோ?”

“ஒன்னோட வாத்தியார்.”

“எனக்கே தெரியாம எனக்கு வாத்தியாரா?”

“ஏலே, பாம்பன்ல கட்டுன பாட்டுன்னா பாம்பன்காரனே வரமாட்டான். கியூபான்னா மதுரையில இருந்து வருவான். பாட்டுல ஞானம்னு வருதே, அதையும் ரொசீட்டான்னு மாத்திரு. கியூபாவுல ஏது ஞானம்?”

அவர் நோட்டீஸை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு, “கூட்டம் வரட்டும். வந்தப்புறம் உள்ளதைச் சொல்லிருவோம், என்ன?” என்றார். நானும் தலையாட்டினேன்.

குதிரை வண்டியில் ஒலிபெருக்கி கட்டி மண்டபம் முதல் கீழக்கரை வரை முழங்கினேன். கூட்டம் வந்தது, வந்துகொண்டே இருந்தது. மண்டபத்துக் கொட்டகையில் முன் வரிசையில் புதுச் சேலை கட்டிக்கொண்டு ஞானம் வந்து உட்கார்ந்தாள். பாட்டு முடிந்ததும் எங்களிடம் வந்து, “யாருங்க அந்த ரொசீட்டா?” என்று கேட்டாள். “மச்சானக் கேளு” என்றார் சவரி. “கியூபா நாட்டு அழகி தங்கச்சி” என்றேன். “வலை மடிக்கிற அழகியா?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். அவள் எங்கள் கச்சேரிக்கு வந்தது அதுவே கடைசி.

உள்ளதைச் சொல்ல எனக்கு நேரமே வாய்க்கவில்லை. ஊருக்கு ஊர் டான் ரொசாரியோவை வளர்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு வெள்ளைக் குதிரை கொடுத்தேன், ஏழு மனைவிமார் கொடுத்தேன், கடைசியில் என் மடியிலேயே உயிரை விட வைத்தேன். ராமநாதபுரத்துப் பெரிய மனிதர்கள், கியூபா மேதையின் கடைசி மூச்சைக் கேட்டவன் என்று எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

அதே மேடைக்கு, அதே சாயங்காலம், சென்னையிலிருந்து இசைத்தட்டுப் போடுகிற கம்பெனிக்காரர் ஒருவர் வந்திருந்தார். ரொசீட்டா பாட்டைக் கேட்டுவிட்டுச் சவரியின் கையைப் பிடித்துக்கொண்டார். “பிரமாதம். ஆனால் வெளிநாட்டுக்காரர் பாட்டை அனுமதி இல்லாமல் நாங்கள் தட்டில் போட முடியாது. உங்களுடைய சொந்தப் பாட்டு ஏதாவது இருக்கிறதா?”

சவரி என்னைப் பார்த்தார். என் தோளில் பொன்னாடை. சுற்றிலும் அதைப் போர்த்திய பெரிய மனிதர்கள். ‘இது அவர் பாட்டுதான், ரொசாரியோ என் புளுகு’ என்று சொல்ல ஒரு மூச்சுப் போதும். வாழ்நாளெல்லாம் வாய் ஓயாதவன் நான். அந்த ஒரு மூச்சுக்கு மட்டும் வாய் திறக்கவில்லை. சவரி கொஞ்ச நேரம் எனக்காகக் காத்திருந்தார். பிறகு கம்பெனிக்காரரிடம் திரும்பி, “சொந்தமா ஒண்ணும் இல்லைங்க” என்றார்.

திரும்பி வருகிற ரயிலில் காசிம் என் முகத்தைப் பார்க்கவே மறுத்தார். சவரிதான் வேர்க்கடலை வாங்கி என் கையில் திணித்தார். “விடு மச்சான். என்னைக்காச்சும் நீயே சொல்லிருவ. எனக்கென்ன அவசரம்?” அதற்கப்புறம் அந்தப் பாட்டை அவர் மேடையில் பாடவில்லை. இரண்டு வருஷத்தில் குழு கலைந்தது. அவர் வலைக்கே திரும்பினார். பாட்டு மட்டும் கல்யாண வீடுகளிலும் படகுகளிலும் ரொசீட்டா பேரோடு சுற்றிக்கொண்டிருந்தது. எத்தனையோ தடவை அவருக்கு எதிரே உட்கார்ந்து மீன் குழம்பு சாப்பிட்டிருக்கிறேன். ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் அடக்கத்தின்போது சவரியின் வலைக்காரர்கள் மரியாதையாக அந்தப் பாட்டைப் பாடினார்கள். ரொசீட்டா, ரொசீட்டா என்று குழிமேட்டில் நின்று பாடினார்கள். ஞானம் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. துண்டால் தாடியுள்ள கன்னத்தை மட்டும் மூடிக்கொண்டேன்.

இப்போது சொல்கிறேன். டான் ரொசாரியோ என்று ஒருவர் பிறக்கவில்லை. ரொசீட்டா என்று ஒருத்தி இல்லை. அந்தப் பாட்டைப் பாம்பன் சவரிமுத்து, கரைவலைத் தாளத்தில், தம் மனைவிக்காகக் கட்டினார். முப்பதாம் நாள் பூசைக்கு வருகிறவர்கள் தயவுசெய்து அதை ஞானம் என்றே பாடுங்கள்.

அச்சுக்குக் கொடுக்குமுன் இதை ஞானத்திடம் முழுவதும் படித்துக் காட்டினேன். பொன்னாடையைப் பற்றியோ கம்பெனிக்காரரைப் பற்றியோ அவள் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய் அந்தச் சுரைக்குடுக்கையை எடுத்துவந்து என் கையில் கொடுத்தாள். “ஒரு தப்பு இருக்குண்ணே” என்றாள். “பெரியபட்டினத்துக்குப் பதினோரு பேரு வந்தாகன்னு எழுதியிருக்கிய. பன்னெண்டு பேரு. பந்தல் காலுக்குப் பின்னால நானும் நின்னேன். எம் பேரச் சொல்லிப் பாடுனத அன்னைக்கு ஒரு தரந்தான் கேட்டேன்.”

சவரியின் நினைவாக என்னிடம் இருப்பவை அந்தக் குடுக்கையும் இந்தத் திருத்தமும்தான். பன்னிரண்டு பேர். குறைத்துச் சொல்லி நான் செய்த தவறு இது ஒன்றுதான்.