கண்ணாடி மூலையில் ஒட்டிய ட்வீட்டர்

நிட்டிங் மெஷின்களின் இரைச்சல் காதுக்கு வருவதற்கு முன்பே உள்ளங்காலில் ஏறிவிடும். மங்கலம் சாலையில் இருந்த ஒரு பனியன் கம்பெனியில் அப்பா நிட்டிங் ஃபிட்டராக இருந்தார். உடைந்த ஊசியை மாற்றுவதும் துணியில் விழும் கோட்டைச் சரிசெய்வதுமாகப் பகல் முழுக்க அந்த இரைச்சலுக்குள்தான் நிற்பார். அங்கே எல்லோரும் கையைக் காட்டியும் தொண்டை கிழியக் கத்தியும்தான் பேசிக்கொள்வார்கள். அந்தப் பழக்கம் எங்கள் வீட்டுக்கும் வந்துவிட்டது. சோற்றுக்கு உப்பு கேட்டால்கூடத் தெருவுக்கே தெரியும். அக்கம்பக்கத்தார் "மிசினுக்காரர் ஊடு" என்று கேலி செய்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில், நான் ஏழாவது படிக்கும்போது, அப்பா ஒரு பழைய வெள்ளைக் கார் வாங்கினார். அதில் பாட்டு மங்கலாக, போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல இருக்கிறது என்று ஓயாமல் குறைப்பட்டார். அம்மாவுக்கும் எனக்கும் நன்றாகத்தான் கேட்டது. இருந்தாலும் பாட்டைப் பற்றி அவருக்குத் தெரியாததா எங்களுக்குத் தெரிந்துவிடப்போகிறது என்று விட்டுவிட்டோம். "காம்பொனென்ட்" என்கிற, பெரியதும் குட்டியுமாக வரும் ஸ்பீக்கர் போட்டால் பாட்டு பளிச்சென்று கேட்கும் என்று கம்பெனியில் யாரோ சொல்ல, அதையே பிடித்துக்கொண்டார். காரில் புதிதாக ஒரு ஓட்டைகூட விழக் கூடாது என்று மட்டும் அம்மா கண்டிப்பாகச் சொன்னாள்.

ஆடியோ கடை வைத்திருந்த சலீம் அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வாசலுக்கே வந்து கதவுகளைப் பிரித்தார். பழைய ஸ்பீக்கர் இருந்த குழியிலேயே ஒரு ப்ளைவுட் வளையம் கொடுத்துப் பெரிய ஸ்பீக்கரை உட்காரவைத்தார். கதவுக்குள் போக முன்பே இருந்த ரப்பர் குழாய் வழியாக ஒயரை நுழைத்தார். கீச்சென்ற உச்ச ஓசைக்கென்று தனியாக வரும் "ட்வீட்டர்" என்ற குட்டி ஸ்பீக்கரை முன்கதவுக் கண்ணாடி மூலையில் டேப் போட்டு ஒட்டினார். அம்மா கதவைத் தடவிப் பார்த்துத் திருப்தியானாள்.

பெரிய ஸ்பீக்கரின் ஒயரைக் கழற்றி வைத்துவிட்டு, சோதனைக்காக ட்வீட்டரை மட்டும் பாடவிட்டார் சலீம் அண்ணன். ஜால்ராவின் ஓசை வாசல்வரை கேட்டது. டிரைவர் சீட்டில் இருந்த அப்பா, "போடுங்க தம்பி" என்றார்.

"ஓடுதுங்ண்ணா."

அப்பா ட்வீட்டரிடம் காதைக் கொண்டுபோனார். "ஒயர் உட்டுப்போச்சாட்ட இருக்குது, பாருங்க."

விளையாடுகிறார் என்று நினைத்து நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. காருக்குப் பின்னால் போய் நின்று, எங்கள் வீட்டில் நான் கேட்டே இராத ஒரு மெல்லிய குரலில், "ஏனுங்க" என்று கூப்பிட்டாள். அப்பா திரும்பவில்லை. இன்னொரு முறையும் கூப்பிட்டாள்.

சலீம் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு பெரிய ஸ்பீக்கரையும் சேர்த்துவிட்டு, ஒயர் லூசாகத்தான் இருந்தது என்று சொன்னார். பரவாயில்லை, முன்னைக்கு இப்போது தேவலை என்றார் அப்பா. சலீம் அண்ணன் பொய் சொன்னது எனக்கு அன்று ஆத்திரமாக இருந்தது. இன்று அவர்மீது மரியாதைதான்.

அதன்பின் அம்மா எதையும் அப்பாவின் முகத்துக்கு நேரே போய் நின்றுதான் சொன்னாள். டாக்டரிடம் போகலாம் என்றால், மிசினுக்காரன் காது அப்படித்தான் இருக்கும் என்று அப்பா தட்டிக்கழித்தார். கார் கைமாறியது, கம்பெனியை மூடினார்கள், அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். போன வருடம்தான் காதுக்கு மெஷின் வைக்கச் சம்மதித்தார். வைத்துக்கொண்டு வந்த அன்று, "உங்கம்மா கொரலு எதுலயாச்சும் இருக்குதா கண்ணு?" என்று கேட்டார்.

என் கல்யாண வீடியோவில் இருந்தது. போட்டுக் காட்டினேன். பந்தியில் நின்று அப்பாவைப் பார்த்து அம்மா வழக்கம்போலக் கத்திப் பேசுகிறாள்.

"இது இல்ல கண்ணு" என்றார். "கலியாணமான புதுசுல உங்கம்மா மெதுவாத்தான் பேசுவா."